மேசை கிடைத்த எண்ணமும் கிடைக்காத எண்ணமும்

(லூமுட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

முனைவர் பட்டம் வாங்கியதற்கும் நிரந்தர வேலையில் அமர்வதற்கும் நடுவே ஓர் ஆய்வாளர் கழிக்கும் மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பல்கலைக்கழகங்களில் அதைப் ‘போஸ்ட்டாக்’ என்கிறார்கள். நான் மேலாய்வு என்று சொல்லிக்கொள்கிறேன். பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பமே திரண்டு போகிறது, படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டுகிறது. அடுத்த தைப்பூசத்தில் பார்ப்பவர்கள், “இன்னும் வேலை அமையலையா?” என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையோ அந்தச் சமயத்தில்தான் தன் வாழ்நாளின் மிகக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஓர் எண்ணம் வளர்கிறதா, தேங்கிப்போகிறதா என்பதைப் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட ஆண்டுகளே தீர்மானிக்கின்றன என்பது என் வாதம். பட்டத்துக்குப் பணம் கொடுத்து, கருவிக்கும் பணம் கொடுத்து, இந்த ஆண்டுகளுக்கு மட்டும் கொடுக்காத சமூகம் கைக்கு வந்ததையும் நழுவவிடும். இதற்குச் சான்றாக ஒரே ஒரு துறையை எடுத்துக்கொள்கிறேன். ஒளியைக் கொண்டு ஒற்றை மூலக்கூறைப் படம்பிடிக்கும் துறை அது. அதன் அடித்தளத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள். அதன் இரண்டு வேர்களும் 1928ஆம் ஆண்டு என்ற ஒரே ஆண்டில் ஊன்றப்பட்டவை. ஒன்று இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வரை போனது, மற்றொன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செயலாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஏன் என்று கேட்டால் என் வாதம் தானாகவே கிளம்பி வருகிறது.

ஒற்றை மூலக்கூறைப் படம்பிடிக்கத் தடை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒளி ஓர் அலை. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 500 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எவ்வளவு நேர்த்தியான லென்சைச் செய்தாலும் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலங்கித்தான் தெரியும் என்று ஜெர்மானியரான ஏர்ன்ஸ்ட் ஆபே 1873இல் காட்டினார். ஆகவே நல்ல நுண்ணோக்கியும் 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடும். உயிரணுவைப் பார்க்கலாம், அதன் உறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தைப் பார்க்க முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி அதைவிட நுணுக்கமாகப் பார்க்கும், உண்மைதான். ஆனால் ஒரு பொருள் என்ன மூலக்கூறால் ஆனது, அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதை எளிதில் சொல்லக்கூடியது ஒளிதான். அதைச் சொல்லவைத்தவர்கள் கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வேலை செய்த இளைஞர்களும் அவர்களுடைய தலைவர் ச. வெ. இராமனும்.

1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பும்போது, கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்ற லார்ட் ரேலியின் கருத்தை இராமன் சோதித்துப் பார்த்தார். பிரதிபலித்து வரும் ஒளியை நிக்கோல் பட்டகத்தால் அணைத்துவிட்டுப் பார்த்தால் நீலம் மங்கவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுகிறோம். 1921க்கும் 1928க்கும் நடுவே நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1923இல் கே. ஆர். இராமநாதன் நீரில் சிதறிய ஒளியில், வர வேண்டாத ஒரு மெல்லிய நிறத்தைக் கண்டார். நீரில் அழுக்கிருக்கும் என்று மறுபடி மறுபடி தூய்மைப்படுத்தினார்கள், அது போகவில்லை. விருதுநகர்ப் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதையே கண்டார். எஸ். வெங்கடேஸ்வரன் தூய கிளிசரினில், வழக்கமான நீலத்துக்குப் பதிலாகப் பச்சை ஒளி சிதறுவதைப் பார்த்தார். கண்டுபிடிப்பின் வாசலில் நின்றவர் அவர். ஆனால் அவருக்கு அலிப்பூரில் அரசுச் சோதனைச் சாலையில் வேலை. ஓய்வு நேரத்திலும் விடுமுறையிலும்தான் கழகத்துக்கு வர முடியும். சோதனைக்கோ பகல் வெயில் வேண்டும். 1928 பிப்ரவரித் தொடக்கத்தில் இராமன் முழுநேர ஆய்வாளரான கிருஷ்ணனை அந்த வேலைக்கு இழுத்தார். கிருஷ்ணனின் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது; அந்த மாதத்தின் வேகம் அதில் பதிவாகியிருக்கிறது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வெயிலைத் தொலைநோக்கி லென்சால் குவிக்கிறார்கள். வழியில் ஊதாக் கண்ணாடி ஒன்றை வைத்து ஊதா ஒளியை மட்டும் திரவத்துக்குள் விடுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுக்கு முன்னால் ஊதாவை முழுதாக மறைக்கும் மஞ்சள்-பச்சைக் கண்ணாடி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒளியே வராது. ஆனாலும் இருட்டில் ஒரு மங்கலான தடம் தெரிகிறது. அப்படியானால் திரவத்துக்குள் போன ஒளி நிறம் மாறி வெளியே வந்திருக்கிறது. மூலக்கூறு தன் அதிர்வுக்குரிய பங்கை அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. இப்படி மாறுவது ஏறத்தாழக் கோடியில் ஓர் ஒளித்துகள். ஏறக்குறைய அறுபது திரவங்களைச் சோதித்தார்கள், ஒவ்வொன்றிலும் அது இருந்தது. பிப்ரவரி 28இல் பாதரச விளக்கின் ஒளியில் நிறமாலைமானி வழியே புதிய கோடு தனியாகத் தெரிந்தது. மார்ச் 31இல் ‘நேச்சர்’ இதழில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் குறிப்பு வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. மலிவான கருவிகளால் செய்த சாதனை என்று இதைப் புகழ்வது வழக்கம். கருவி மலிவுதான். ஏழு ஆண்டுகள் ஒரு மங்கல் நிறத்தைக் கைவிடாமல் துரத்திய இளைஞர்களின் நேரம் மலிவானதல்ல. அதற்கு யாரோ சம்பளம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கப்படாத வெங்கடேஸ்வரனின் கையிலிருந்து வேலை நழுவியது.

அதே 1928இல் அயர்லாந்தில் எட்வர்ட் ஹச்சின்சன் சிங் என்பவர் ஆபேயின் தடையைத் தாண்ட ஒரு வழி சொன்னார். அவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படிப்பை முடிக்காமல் வெளியேறியவர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலையில் இல்லாதவர். ஒளிபுகாத் தகட்டில் பத்து நானோமீட்டர் அளவில் ஒரு துளை போட்டு, அதே அளவு நெருக்கத்தில் பொருளின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், விரலால் தடவி எழுத்தை அறிவதுபோல், லென்ஸ் இல்லாமலே புள்ளி புள்ளியாகப் படத்தைச் சேர்க்கலாம் என்றார். முதலில் அவர் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில் துளைக்குப் பதிலாக ஒரு மிகச்சிறிய பொன்துகளை வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு துளை என்ற வடிவத்தில் கட்டுரை அச்சானது. அதோடு நின்றது. 1956இல் அமெரிக்காவில் ஓ’கீஃப் என்பவர் சிங்கைப் பற்றித் தெரியாமலே அதே எண்ணத்தை எழுதினார், அவரும் செய்து பார்க்கவில்லை. 1972இல் லண்டனில் ஆஷும் நிக்கல்சும் மூன்று சென்டிமீட்டர் நுண்ணலையில் செய்து காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1984இல்தான் சூரிச் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் டீட்டர் போல் குழுவும் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகக் குழுவும் செய்தன.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. 1928இல் லேசர் இல்லை, நானோமீட்டர் அளவில் ஊசியை நகர்த்தும் தொழில்நுட்பம் இல்லை, ஆகவே மேசை, அதாவது உட்கார்ந்து ஆய்வு செய்ய ஓர் இடம், கொடுத்திருந்தாலும் சிங்கால் என்ன செய்திருக்க முடியும்? லேசர் 1960இல்தான் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகர்த்தும் வழியை, அதாவது மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவு நீளும் குவார்ட்ஸ் படிகத்தை, 1932இலேயே சிங் இன்னொரு கட்டுரையில் எழுதியிருந்தார். நீண்ட அலையில் இந்தத் தத்துவத்தைச் சோதிக்க 1972 வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தொழில்நுட்பத்தால் தாமதமான ஆண்டுகள் சில, ஆள் இல்லாததால் தாமதமானவை சில. இரண்டாவது வகை கணிசமானது என்பதற்கு, ஒரே எண்ணம் ஒருவரையொருவர் அறியாதவர்களிடம் திரும்பத் திரும்பப் பிறந்ததே சான்று. மேலாய்வாளர் ஓர் ஆய்வுக்கூடத்தில் கற்றதை இன்னோர் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிச் செல்பவர். அப்படி யாரும் தூக்கிச் செல்லாதபோது காகிதம் நூலகத்தில் உறங்கும். பெங்களூரில் இராமன் ஆய்வுக் கழகத்தில் இருந்த எஸ். பஞ்சரத்தினத்துக்கும் இதுவே நேர்ந்தது. முனைவுற்ற ஒளி பற்றி 22 வயதில், 1956இல், அவர் எழுதியதன் முழுப்பொருளை 1986இல் இராமசேஷனும் நித்தியானந்தாவும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இன்று மெல்லிய தட்டை லென்சுகள் செய்பவர்களில் பலர் அவர் பெயரைச் சொல்லித்தான் கணக்குப் போடுகிறார்கள். அவர் 1969இல், முப்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார்.

1928இன் இரண்டு எண்ணங்களும் 2000ஆம் ஆண்டையொட்டி ஒன்றாகச் சேர்ந்தன. சிங் கடிதத்தில் சொன்ன பொன்துகளுக்குப் பதிலாகப் பொன்னிலோ வெள்ளியிலோ கூர்மையான ஊசி நுனி. அதன்மேல் லேசரைப் பாய்ச்சினால் உலோக எலக்ட்ரான்கள் ஊசலாடி, ஒளியை நுனிக்கடியில் சில நானோமீட்டருக்குள் ஒடுக்கித் தருகின்றன. அந்த இடத்தில் இருக்கும் மூலக்கூறு தன் இராமன் ஒளியைப் பல மடங்காகத் திருப்பித் தருகிறது. 2013இல் சீனாவின் ஹஃபேய் நகரக் குழு ஒற்றை மூலக்கூறின் உட்பகுதிகளை ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த நுணுக்கத்தில் இப்படிப் பிரித்துக் காட்டியது. ஆபேயின் எல்லையிலிருந்து இது இருநூறு மடங்குக்கு மேல் உள்ளே போனது.

அடுத்த தடை காலம். இயற்கை ரப்பர் மூலக்கூறில் உள்ள கார்பன் இரட்டைப் பிணைப்பு ஒருமுறை அதிர்ந்து திரும்ப ஏறத்தாழ 20 ஃபெம்டோநொடி ஆகிறது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஃபெம்டோநொடி. எந்தக் கேமராவும் அவ்வளவு வேகமாகத் திறந்து மூடாது. ஆகவே ஒரு லேசர்த் துடிப்பை இரண்டாகப் பிரித்து, முதலாவதால் மூலக்கூறைத் தட்டிவிட்டு, இரண்டாவதைச் சற்றே நீண்ட பாதையில் அனுப்பிப் பார்க்கிறார்கள். கண்ணாடியை 0.15 மைக்ரோமீட்டர் பின்னால் நகர்த்தினால் துடிப்பு ஒரு ஃபெம்டோநொடி தாமதமாக வரும். தலைமுடியின் தடிமனில் ஐந்நூற்றில் ஒரு பங்கு அது. காலத்தை நீளமாக மாற்றி அளக்கும் இந்த அழகான வழியால் வேதிவினைகளை ஆராய்ந்ததற்காக அகமது சுவைலுக்கு 1999இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்தத் துடிப்பை அந்த ஊசி நுனியில் விடும்போதுதான் மூன்றாவது தடை எழுகிறது. பார்க்கும் இடம் சிறிது, பார்க்கும் நேரம் குறுகியது. ஆகவே கிடைக்கும் ஒளித்துகளும் சொற்பம். பத்தாயிரம் ஒளித்துகளை எண்ணினால் நூறு அளவுக்குத் தற்செயல் ஏற்ற இறக்கம் இருக்கும். பத்து மடங்கு தெளிவு வேண்டுமென்றால் நூறு மடங்கு ஒளி வேண்டும். நுனியும் மூலக்கூறும் அதைத் தாங்காமல் கருகிவிடும். இங்கேதான் குவாண்டம் ஒளி வருகிறது. எது வழக்கமான ஒளி, எது குவாண்டம் ஒளி என்று பிரித்துக் காட்டும் கணிதத்தை 1963இல் தந்தவர் இ. சி. ஜி. சுதர்சன். சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவரான அவரும் ஹார்வர்டில் இயற்பியலர் ஷ்விங்கரிடம் மேலாய்வாளராக இருந்தவர்தான். தற்செயல் ஏற்ற இறக்கத்தை அமுக்கிய ஒளியை இராமன் நுண்ணோக்கியில் செலுத்தி, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு 2021இல் ஈஸ்ட் உயிரணுவைச் சிதைக்காமலே 35 சதவீதம் கூடுதல் தெளிவைப் பெற்றது.

இவ்வளவு தெரிந்த பிறகு கருவியை வாங்கி வைத்து நல்ல டெக்னீஷியனை அமர்த்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு சிக்கலைக் காட்டுகிறேன். வெள்ளி நுனி காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கும். அதன் ஆயுள் பல நேரம் நாள் கணக்கில்தான். ஒரே முறையில் செய்த பத்து நுனிகளில் எத்தனை வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. வேலை செய்யும் நுனியிலும், ஒளி கொஞ்சம் அதிகமானால் எங்கிருந்தோ ஒட்டிய கரிமம் கருகி, 1350, 1580 என்ற அலையெண்களுக்கு அருகே அகலமான இரண்டு கோடுகளைத் தரும். பழகாத கண் அதைப் புதிய மூலக்கூறு என்று எழுதிவிடும். இது கரி, இது பொருள் என்று பிரித்தறியும் கண் கருவியோடு பெட்டியில் வராது. இன்னொருவர் பக்கத்தில் இருந்து, தவறான படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து வருவது அது. முனைவர் பட்டக் காலத்தில் மாணவர் இதைக் கற்றுக்கொள்கிறார். கற்றதைத் தன் கேள்விக்குப் பயன்படுத்தும் காலம் மேலாய்வு. கற்றவரை அந்த வாசலில் வைத்து அனுப்பிவிட்டால் அடுத்த மாணவர் கரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

சிறிய நாட்டுக்கு, அதிலும் மலேசியாவின் பேராக் மாநிலம் போன்ற ஓரிடத்துக்கு, இது தேவையா என்பது அடுத்த கேள்வி. ருமேனியாவில் பிறந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த ஸ்டெஃபன் ஹெல்லுக்கு, ஆபேயின் தடையை வேறு வழியில் உடைக்கலாம் என்று தோன்றியபோது, ஜெர்மனியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. அவருக்கு மேசை கொடுத்தது ஃபின்லாந்தின் துறைமுக நகரமான துர்க்கு. 1993இல் அங்கே போனார், 1994இல் எண்ணம் அச்சானது, 2014இல் நோபல் கிடைத்தது. நமக்கோ தேவை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பினாங்கில் 1972இலிருந்து சில்லுத் தொழில் நடக்கிறது. 2024 மே மாதம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தித் திட்டம் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது. சிலிக்கானின் இராமன் கோடு 520 என்ற அலையெண்ணில் நிற்கும். சில்லுக்குள் அழுத்தம் இருந்தால் அது சற்றே நகரும். அழுத்தம் எந்த மூலையில் என்று சில நானோமீட்டர் நுணுக்கத்தில் தேட வேண்டியவர்கள் இந்த நாட்டிலேயே வேலை செய்கிறார்கள். தேடும் முறையைப் பிறரிடம் வாடகைக்கு வாங்கலாம், ஆனால் குறை எங்கே என்று முதலில் அறிபவர் அப்போது நாமாக இருக்க மாட்டோம்.

என்னைப் பொறுத்தவரை மிகக் கனமான மறுப்பு இவை எதுவும் அல்ல. லயத்து வீட்டில் வளர்ந்த பெற்றோரின் பிள்ளை முப்பத்தைந்து வயது வரை இரண்டாண்டு ஒப்பந்தங்களில் நாடு நாடாக அலைய முடியுமா என்பதுதான் அது. வீட்டுக் கடன் இருக்கிறது, தம்பி தங்கை இருக்கிறார்கள், வயதான அம்மா இருக்கிறார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடும்பங்கள் வீடிழந்து நகரத்துக்கு வந்த நினைவு ஆயர் தாவார், சித்தியவான் பக்கம் இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட வீட்டாரிடம் நிச்சயமில்லாத வருமானத்தைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து, நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் போகக்கூடாது என்ற முடிவு வராது. மேலாய்வை வேலையாக நடத்த வேண்டும் என்ற முடிவுதான் வருகிறது: குறைந்தது ஐந்தாண்டு, ஊழியர் சேமநிதிச் (இ.பி.எஃப்.) சந்தாவோடு, மருத்துவக் காப்போடு, மகப்பேற்று விடுப்போடு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தாங்கக்கூடிய காலமாக அதை விட்டுவைத்தால், வெங்கடேஸ்வரனைப் போல் வாசல் வரை வந்து வேலைக்குத் திரும்பிப்போகிறவர்கள் நம் வீடுகளிலிருந்துதான் இருப்பார்கள். நம் சமூக அமைப்புகள் இளங்கலைப் படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன. மிக நல்ல காரியம். அதில் ஒரு சிறு பங்கை மேலாய்வுக்கு ஒதுக்கினாலும் ஓரிரு ஆய்வாளர்களை முழுதாகத் தாங்க முடியும்.

அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டால் இந்த மாநிலத்திலிருந்தே ஒரு கேள்வியைத் தருகிறேன். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்ட காலத்துக்குப் பின் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மங்கில் வடித்த பால், கண்ணுக்கு வெறும் வெள்ளைத் திரவம். உண்மையில் அது கோடிக்கணக்கான துகள்கள். பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரையொட்டியும் அதற்குக் குறைந்தும் இருப்பவை. ஒவ்வொன்றின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த உறை, தடிப்பு சில பத்து நானோமீட்டருக்குள். அந்த உறைதான் பால் உறையாமல் காக்கிறது. அமிலம் விட்டால் கட்டியாவதும் அதனால்தான். கையுறை அணிபவர் சிலருக்கு ஒவ்வாமை தரும் ஹெவ் பி 1, ஹெவ் பி 3 என்ற புரதங்கள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. உலகச் சந்தையில் ரப்பர் கையுறை என்றால் மலேசியாதான் முன்னால் நிற்கிறது. அந்த உறையில் புரதமும் கொழுப்பும் கலந்து பரவியிருக்கின்றனவா, திட்டுத் திட்டாகப் பிரிந்திருக்கின்றனவா, அம்மோனியா சேர்த்தபின் அது எப்படி மாறுகிறது என்று ஒற்றைத் துகளில் பார்ப்பது ஊசி நுனியும் இராமன் ஒளியும் செய்யக்கூடிய வேலை. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன; பாலுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதலாண்டு நுனி செய்யப் பழகுவதில் போய்விடும். இரண்டாமாண்டு கரிக் கோடுகளை விலக்குவதிலும், பாலை மெல்லிய படலமாக உலர்த்தும்போது உறை சிதையாமல் காப்பதிலும் போகும். நம்பத்தகுந்த முதல் படம் மூன்றாமாண்டில் வரலாம். இன்றைய ஒப்பந்தங்களில் பல இரண்டாமாண்டோடு முடிகின்றன.